பன்னிரண்டாம் எண் அணியின் அப்பா

நான் அமெரிக்கா போனது தம்பிக்கு உப்புக் குறைத்துச் சமைத்துப் போடுவதற்காக. பிப்ரவரியில் முரளிக்கு நெஞ்சுவலி வந்து, ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். அவன் மனைவி உமாவுக்கு மருந்துக் கம்பெனியில் வேலை. இருந்த லீவையெல்லாம் ஆஸ்பத்திரியிலேயே கரைத்துவிட்டாள். எனக்குத் திருச்சியில் பாடப்புத்தகக் கடை. மார்ச் மாதத்தில் அங்கே ஈ ஓட்டுவதுதான் வேலை. அதை வீட்டுக்காரரே ஓட்டட்டும் என்று சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

நியூ ஜெர்சியில் அவர்கள் ஊரின் பெயர் மான்மவுத் ஜங்ஷன். ஜங்ஷன் என்றதும் விழுப்புரம் மாதிரி நாலு பக்கமும் ரயில் போகும், டீ விற்பார்கள் என்று நினைத்திருந்தேன். அங்கே ரயில் நிற்பதே இல்லையாம். வரிசையாக ஒரே மாதிரி வீடுகள். தெருவில் ஆளே கிடையாது. இரண்டாம் நாள் காலாற நடந்துவிட்டுத் திரும்பியபோது பக்கத்து வீட்டுக் கதவை எங்கள் வீட்டுக் கதவு என்று நினைத்துத் தட்டினேன். கதவைத் திறந்தவர் தமிழில் "வாங்கோ அக்கா, முரளியின்ர அக்காதானே?" என்றார். அவர் டாக்டர் அன்ரன். யாழ்ப்பாணத்துக்காரர், பல் வைத்தியர், என் தம்பியின் இருபது வருட நண்பர். தப்பான கதவைத் தட்டியதால் எனக்குக் கிடைத்த ஒரே அறிமுகம் அவர்தான்.

முரளி வீட்டில் லேப்டாப்பும் மடியுமாகவே இருந்தான். ஒரு நாள் காலையில் யாரிடமோ போனில், "இந்த வருஷம் அப்செட் நிறைய இருக்கும் பாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தான். நான் பேசாமல் அடுக்களைக்குப் போய் ஓமம் போட்டுத் தண்ணீர் கொதிக்க வைத்துக் கொண்டுவந்தேன். வயிற்றைப் பற்றிப் பேசுகிறான் என்று நினைத்தேன். அவன் சிரித்த சிரிப்பில், நெஞ்சுக்கு ஆகாதே என்று எனக்குப் பயம் வந்துவிட்டது.

சின்ன அணி பெரிய அணியைத் தோற்கடித்தால் அதற்குப் பெயர் அப்செட்டாம். மார்ச் மாதத்தில் நாடு முழுவதும் இருந்து கல்லூரிக் கூடைப்பந்து அணிகள் மோதும் போட்டி ஒன்று நடக்கிறது. எந்த அணி எதைத் தோற்கடிக்கும் என்று முன்கூட்டியே ஒரு கட்டம் போட்ட தாளில் நிரப்பி, அலுவலகத்துக்கு அலுவலகம் பந்தயம் வைக்கிறார்கள். அந்தத் தாளுக்குப் பிராக்கெட் என்று பெயர். முரளிக்கு அதில் பித்து உண்டு. இந்த வருடம் பித்து தலைக்கேறியதற்குக் காரணம் அவன் மகள் அனு. நியூ ஜெர்சியிலேயே ஒரு சிறிய கல்லூரியில் கடைசி வருடம் படிக்கிறாள். பெண்கள் அணியில் இருக்கிறாள். முதலில் இறங்கும் ஐந்து பேரில் இல்லை; யாராவது களைத்தால் இறங்குபவள்.

பிப்ரவரியில் அவனுக்கு வலி வந்ததுகூட அவள் ஆடிய ஓர் ஆட்டத்தில், பார்வையாளர் வரிசையில் கத்திக்கொண்டிருந்தபோதுதான் என்று உமா சொன்னாள்.

என் குழப்பம் அந்த வார ஞாயிற்றுக்கிழமை முற்றியது. அனுவின் அணி தங்கள் வட்டாரத்து இறுதி ஆட்டத்தில் தோற்றிருந்தது. ஜெயித்திருந்தால் நேரே பெரிய போட்டிக்குப் போயிருக்கலாம். தோற்றதால் ஒரு குழு அறைக்குள் உட்கார்ந்து, சேர்க்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்யும். அதை அன்று மாலை டிவியில் அறிவிப்பார்கள். கடைசி இடத்துக்கு இரண்டு கல்லூரிகள்தான் மிச்சம் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். ஒன்று அனுவுடையது, இன்னொன்று கலிபோர்னியாவில் பே ஏரியா பக்கத்துக் கல்லூரி.

டாக்டர் அன்ரன் வந்திருந்தார். உமா சுண்டல் வைத்தாள். விவாதம் தொடங்கியது. பக்கத்து வீட்டு மனிதர் அனுவின் அணிக்காகவும், பெற்ற தகப்பன் அதற்கு எதிராகவும் பேசினார்கள்.

"முரளி, நீர் கணக்கை மட்டும் பாக்கிறீர்" என்றார் டாக்டர். "ரெண்டு பிள்ளையள் காலில அடிபட்டு இருக்கேக்கையும் அவை வெண்டிருக்கினம். அதுக்கு ஒரு மதிப்பு இல்லையோ?"

"என் பொண்ணு ஆடறாங்கிறதுக்காகக் கணக்கை மாத்த முடியுமா டாக்டர்?" என்றான் முரளி. பிறகு எனக்குப் புரிய வேண்டும் என்று என் பக்கம் திரும்பினான். "அக்கா, நம்ம ஊர் கட் ஆஃப் மாதிரி வெச்சுக்கோ. ஒருத்தி ரொம்பக் கஷ்டமான பேப்பர்ல எழுபது வாங்கியிருக்கா. நம்ம அனு டீம் ஈஸியான பேப்பர்ல எண்பது. சீட் யாருக்கு?"

என் கடைக்கு வரும் எந்தப் பெற்றோரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் சொல்வார்கள். "எண்பதுக்குத்தான்" என்றேன். அது அவ்வளவு சுலபம் இல்லை என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள். பிறகு அந்த எழுபதுக்கும் எண்பதுக்கும் நடுவில் ஒரு மணி நேரம் சண்டை போட்டார்கள். யார் யாரைத் தோற்கடித்தார்கள், தோற்றவர்கள் வேறு யாரைத் தோற்கடித்தார்கள், சொந்த ஊரில் ஜெயித்ததா வெளியூரில் ஜெயித்ததா என்று அது போய்க்கொண்டே இருந்தது. ஆடி முடித்த ஆட்டத்துக்கு இவ்வளவு வழக்கு உண்டென்று எனக்குத் தெரியாது.

டிவியில் பெயர்கள் வர ஆரம்பித்தன. ஒவ்வொன்றுக்கும் தர எண் உண்டு. ஒன்று என்றால் ஒசத்தி. பாதிக்கு மேல் தாண்டியபின் அனுவின் கல்லூரிப் பெயர் பன்னிரண்டு என்ற எண்ணோடு வந்தது. முதல் ஆட்டம் ஐந்தாம் எண் அணியோடு, டெக்சஸில். உமா என்னைக் கட்டிக்கொண்டாள். முரளி கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தான். உமா பதறி அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். ஒன்றுமில்லை என்று தலையாட்டினான்.

அனு கூப்பிட்டாள். உமா போனை ஸ்பீக்கரில் போட்டாள். பின்னால் பெண்கள் கூட்டமாகக் கத்திக்கொண்டிருந்தார்கள். சந்தோஷத்தில் டாக்டருக்கு வாய் நிற்கவில்லை. "அனு, உங்கட அப்பா இவ்வளவு நேரமும் உங்கள எடுக்கக் கூடாது எண்டு நிண்டவர், தெரியுமோ?" என்றார் சிரித்துக்கொண்டே.

பின்னாலிருந்த கத்தல் கொஞ்சம் தள்ளிப் போனது. பிறகு அனு "ஓ" என்றாள். கோச் கூப்பிடுகிறார் என்று சொல்லி வைத்துவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து உமாவின் போனுக்கு ஆங்கிலத்தில் ஒரு செய்தி வந்தது. அப்பா டெக்சஸுக்கு வர வேண்டாம் என்று மட்டும் இருந்தது. டாக்டர் அன்ரன் சுண்டல் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் விடைபெற்றுப் போனார்.

 மறுநாள் முரளி ஆபீஸ் பந்தயத்துக்கான தாளை நிரப்பினான். எட்டிப் பார்த்தேன். பன்னிரண்டாம் எண் அணி முதல் ஆட்டத்திலேயே தோற்கும் என்று எழுதியிருந்தான்.

"உன் பொண்ணு தோப்பான்னு நீயே எழுதறியாடா?" என்று கேட்டேன்.

"எழுதறது வேற, ஆசைப்படறது வேறக்கா" என்றான்.

உமா அன்று முழுவதும் அவனோடு பேசவில்லை. நான் இருவருக்கும் நடுவில் ரசத்தை நகர்த்திக்கொண்டிருந்தேன்.

ஆனால் அவனால் வீட்டில் இருக்க முடியாது என்பது புதன்கிழமைக்குள் எங்களுக்குத் தெரிந்துவிட்டது. தோற்றால் அதுதான் அவளுடைய கடைசி ஆட்டம். உமா மகளோடு போனில் பேசினாள், இதய டாக்டரிடம் கேட்டாள், மறுபடி மகளோடு பேசினாள். கடைசியில் ஓர் உடன்பாடு வந்தது. முரளி அந்த ஊருக்கு வரலாம். அரங்கத்துக்குள் வரக் கூடாது. போனிலும் ஆட்டத்தைப் பார்க்கக் கூடாது. கார் ஓட்டக் கூடாது. லீவு இல்லாத உமாவுக்குப் பதில் அக்கா உள்ளே உட்கார்ந்து பார்த்து வந்து சொல்ல வேண்டும். எந்தப் பக்கம் யாருடைய கூடை என்றுகூடத் தெரியாத என்னை நம்பி ஒரு குடும்பம் இப்படி ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டது.

ஹூஸ்டனில் விமானத்தை விட்டு இறங்கியதும் வெயில் முகத்தில் அடித்தது. நியூ ஜெர்சியில் ஸ்வெட்டருக்குள் நடுங்கிய எனக்கு ஊர் வந்துவிட்ட மாதிரி இருந்தது. அங்கிருந்து பஸ். பஸ் என்றால் பஸ் ஸ்டாண்டில்தானே நிற்கும்? அது எங்களை ஊருக்கு வெளியே ஒரு பெட்ரோல் பங்கில் இறக்கிவிட்டுப் போய்விட்டது. எதிரே ஃப்ரீவே என்கிற நெடுஞ்சாலை, பக்கத்தில் மாடு மேயாத புல்வெளி, நடைபாதை என்று ஒன்று இல்லவே இல்லை. முரளியின் போனில் கூப்பிட்ட டாக்சி வருகிறேன் வருகிறேன் என்று காட்டிவிட்டு ரத்தானது. இரண்டாவதும் அப்படியே. அவனை நிழலில் உட்கார வைத்துவிட்டுப் பெட்டியோடு நான் நின்றேன்.

லாரியில் பாதி இருக்கும் ஒரு வண்டி வந்து நின்றது. ஓட்டி வந்தவள் வெள்ளைக்கார அம்மாள், என் வயதுதான் இருக்கும். பெயர் கேரல். எங்கே போகிறீர்கள், மேட்சுக்கா என்று கேட்டாள். முரளி அனுவின் கல்லூரிப் பெயரைச் சொன்னதும் எங்கள் பெட்டியைத் தானே தூக்கிப் பின்னால் வைத்தாள்.

அவள் அந்த ஊர்க்காரி. அவர்களுடைய பல்கலைக்கழக அணிக்கு நான்காம் எண். அவள் அணிந்திருந்த சட்டை, தொப்பி, காதணி எல்லாம் அந்த அணியின் நிறம். ஆனால், நாளை நீங்கள்தான் ஜெயிக்க வேண்டும் என்று நாள்தோறும் ஜெபம் செய்கிறேன் என்றாள். எனக்குத் தலை சுற்றியது. முரளி தமிழில் விளக்கினான். அவர்கள் அணி முதல் ஆட்டத்தில் ஜெயித்தால், அடுத்து எங்கள் ஆட்டத்தில் ஜெயிப்பவரோடு மோதும். ஐந்தாம் எண்ணோடு மோதுவதைவிடப் பன்னிரண்டாம் எண்ணோடு மோதுவது சுலபம்.

"அப்ப நம்மளை அடிக்கறதுக்காக நாம ஜெயிக்கணும்கறாளா?" என்றேன்.

"அதேதான்" என்றான்.

அப்படி ஒரு வாழ்த்தை நான் அதுவரை யாரிடமும் வாங்கியதில்லை. அவளுடைய ஐஸ் பெட்டியில் வெண்டைக்காய் ஊறுகாய் இருந்தது. முழு முழு வெண்டைக்காய், காடியில் ஊறியது. வெண்டைக்காயை இப்படிக்கூடப் போடலாம் என்று நம் ஊரில் ஏன் யாருக்கும் தோன்றவில்லை? முரளி இரண்டாவதை எடுக்கக் கை நீட்டினான். உப்பு என்று சொல்லி நான் அதை வாங்கி வாயில் போட்டுக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆட்டம். அரங்க வாசலில் முரளி தன் போனை என்னிடம் கொடுத்தான். இடைவேளைகளில் வெளியே வந்து சொல்கிறேன் என்றேன். உள்ளே போய் உட்கார்ந்தேன். எங்கள் பக்கம் ஒரு கைப்பிடி ஆட்கள். பந்து இங்கே போகிறது, அங்கே போகிறது. ஷூக்கள் தரையில் கீச்சிடுகின்றன. ஒரு தடவை கூடையில் போட்டால் இரண்டு புள்ளி, இன்னொரு தடவை மூன்று. எல்லோரும் சும்மா நின்று வேடிக்கை பார்க்கும்போது போட்டால் ஒன்று. ஏன் என்று பக்கத்திலிருந்த ஒருவரைக் கேட்டேன். அவர் விளக்கிய ஆங்கிலமும் ஆட்டத்தைப் போலவே ஓடியது.

முதல் கால்வாசி முடிந்ததும் ஓடினேன். வாசலில் காவலாளி கையை நீட்டித் தடுத்தார். வெளியே போனால் திரும்ப உள்ளே வர முடியாது, அதுதான் விதி என்றார். என் கையில் டிக்கெட் இருக்கிறதே என்றேன். இருக்கிறது, ஆனாலும் முடியாது என்றார். காசு கொடுத்த சினிமாக் கொட்டகையிலிருந்து வெளியே முறுக்கு வாங்கப் போய்த் திரும்புகிற ஊரிலிருந்து வந்தவளுக்கு இது எப்படிப் புரியும்?

கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஒரு பூந்தொட்டி விளிம்பில் முரளி உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து கண்ணாடியில் முகத்தை வைத்தான். நான் கத்தியது அவனுக்குக் கேட்கவில்லை. கையால் சொன்னேன். நாம் கொஞ்சம் கீழே, அவர்கள் கொஞ்சம் மேலே. அவன் தலையாட்டினான். அனு இறங்கினாளா என்று இரண்டு விரலைத் தரையைப் பார்த்து நடக்கவிட்டுக் கேட்டான். இல்லை என்று கையை விரித்தேன். பாதி ஆட்டம் முடிந்தபோது மறுபடி போனேன். அப்போதும் நாம் கீழே, ஆனால் பக்கத்தில். இரண்டு உள்ளங்கையையும் நெருக்கிக் காட்டினேன். அவன் கும்பிடுவதாக நினைத்துக்கொண்டு மேலே பார்த்தான். காவலாளி இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசிக் கால்வாசியில் அனுவை இறக்கினார்கள். மூலையில் நின்று தூரத்திலிருந்து பந்தை எறிந்தாள். விழுந்தது. மறுபடியும் எறிந்தாள், விழுந்தது. இதற்குப் பிறகு என்னால் வாசலுக்குப் போக முடியவில்லை. எனக்கு எதுவும் புரியவில்லை. ஆனால் புரியாமலே எழுந்து நின்றுவிட்டேன். கடிகாரம் கிட்டத்தட்டத் தீர்ந்துபோன நேரத்தில் யாரோ அனுவை இடித்தார்கள், விசில் ஊதினார்கள். எல்லோரும் சும்மா நிற்க, அவள் மட்டும் கோட்டில் நின்று இரண்டு பந்து எறிய வேண்டும். நாம் ஒரு புள்ளி பின்னால். முதல் பந்து வளையத்தில் குதித்து உள்ளே போனது. இரண்டாவது வளையத்தைத் தொடாமலே உள்ளே விழுந்தது.

ஒரே ஒரு புள்ளியில் ஜெயித்தோம். புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வாசலுக்கு வந்தேன். நிற்கவே இல்லை அழுகை. கண்ணாடிக்கு வெளியே முரளி என்னைப் பார்த்தான். அவன் முகம் வாடியது. ஜெயிச்சாச்சு என்று கண்ணாடியைத் தட்டித் தட்டிச் சொன்னேன். விடு, பரவாயில்லை என்று அவன் எனக்குக் கையமர்த்திக் காட்டினான். கூட்டம் பின்னாலிருந்து தள்ளியது. நான் சுவரோரம் ஒதுங்கிவிட்டேன்.

அதற்குள் அனு ஆட்ட உடையிலேயே படியேறி வந்தாள். "அப்பா எங்கே?" என்று தமிழில் கேட்டாள். காட்டினேன். காவலாளி அவளுக்குக் கதவைத் திறந்துவிட்டார். நானும் அவள் பின்னால் போனேன்.

முரளி எழுந்து சட்டையை நீவிக்கொண்டான். "பரவாயில்லடா கண்ணா. இவ்வளவு தூரம் வந்ததே பெரிசு" என்றான்.

அனு அவனை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு, அப்பா, நாங்கள் ஜெயித்துவிட்டோம் என்று ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னாள்.

அவன் என்னைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். பூந்தொட்டி விளிம்பில் உட்கார்ந்துவிட்டான். எனக்கு உயிரே போனது. நான் குனிந்து அவன் முகத்தைப் பார்த்தபோது, "அப்ப என் பிராக்கெட் போச்சு" என்றான். அனு அவன் தோளில் சாய்ந்து சிரித்தாள்.

சனிக்கிழமை காலை கோச்சிடம் அனுமதி வாங்கிக்கொண்டு அனு எங்களோடு சாப்பிட வந்தாள். சப்பாத்தி மாதிரி ஒன்றில் முட்டையும் கறுப்பு பீன்ஸும் வைத்துச் சுருட்டித் தருகிற கடை. கொஞ்சம் கறிவேப்பிலை தாளித்திருந்தால் எங்கேயோ போயிருக்கும். முரளி வரிசையில் நிற்கப் போனதும், அனு என்னிடம் பேச ஆரம்பித்தாள். அவள் ஆங்கிலத்தில் சொன்னதை என் தமிழில் சொல்கிறேன்.

"அத்தை, அப்பா எங்கள் டீமுக்கு எதிராகப் பேசியது எனக்குப் பெரிய விஷயம் இல்லை. அவர் எப்போதும் அப்படித்தான். பிப்ரவரியில் அவர் விழுந்தபோது பந்து என் கையில் இருந்தது. அவர் சீட்டைச் சுற்றி ஆட்கள் எழுந்தது தெரிந்தது. விசில் ஊதும்வரை நான் ஆடிக்கொண்டுதான் இருந்தேன். அதற்குப் பிறகு அவர் வரவில்லை என்றாலும் அந்த சீட்டைத்தான் பார்க்கிறேன். ஒரு பந்தும் விழவில்லை. உள்ளே வர மாட்டார், வெளியே நன்றாக இருக்கிறார் என்று தெரிந்ததால்தான் நேற்று என்னால் கூடையைப் பார்க்க முடிந்தது."

இதை ஏன் அவனிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். சொன்னால் தன்னால்தான் பந்து விழவில்லை என்று நினைப்பார், கோபம் என்று நினைத்துக்கொண்டால் நல்லது என்றாள். இருபத்தொரு வயதுப் பெண் இவ்வளவு யோசித்திருக்கிறாள். இந்த வீட்டில் யார் யாரைக் காப்பாற்றுகிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

முரளி தட்டோடு வந்தான். அனு அவன் தட்டிலிருந்த உப்புப் பொட்டலத்தை எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். பிறகு, நாளைக்கு நீங்கள் உள்ளே வாருங்கள் அப்பா என்றாள். முதல் ஆட்டத்தில் ஜெயித்த இந்த ஊர் அணியிடம் நாளைக்கு நாங்கள் தோற்போம் என்று நாட்டுக்கே தெரியும், அதனால் எனக்குப் பயம் இல்லை என்றாள்.

"யார் சொன்னது தோப்பீங்கன்னு?" என்றான் முரளி. அவனுடைய கணக்குப்படி எந்த வாய்ப்பும் இருந்திருக்க முடியாது. ஆனாலும் பீன்ஸ்களைத் தட்டில் பரப்பி, இவள் இங்கே நிற்க வேண்டும், அவள் அங்கே ஓட வேண்டும் என்று அரை மணி நேரம் விளக்கினான். அனு கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஊர் முழுவதும் கேரலின் நிறத்தில் வந்திருந்தது. முரளி என் பக்கத்தில் உட்கார்ந்தான். நான் அவன் மணிக்கட்டை விடவில்லை. நாடி எவ்வளவு அடித்தால் சரி என்று எனக்குத் தெரியாது; அடித்தால் போதும் என்றிருந்தது. அவன் ஒரு முறைகூடக் கத்தவில்லை. பாதி ஆட்டத்திலேயே எல்லாம் முடிந்துவிட்டது. எதிர் அணிப் பெண்கள் எங்கள் பெண்களைவிட ஒரு சாண் உயரம். பந்து எங்கள் கையில் தங்கவே இல்லை. கேட்காமலே எனக்குப் புரிந்த முதல் ஆட்டம் அது.

முடிய ஓரிரு நிமிடம் இருக்கும்போது கோச் கடைசி வருடப் பெண்களை ஒவ்வொருவராக வெளியே கூப்பிட்டார். மூன்றாவதாக அனு. அவள் கோச்சைக் கட்டிக்கொண்டு, சட்டை நுனியால் முகத்தை மூடிக்கொண்டு பெஞ்சை நோக்கி நடந்தாள். அப்போது எதிர்ப்பக்கம் இருந்த அந்த ஊர்க் கூட்டம், எங்களைப் போட்டு அடித்துத் துவைத்த கூட்டம், வரிசை வரிசையாக எழுந்து நின்று கைதட்டியது. யாரும் அவர்களை எழச் சொல்லவில்லை. அனு முகத்திலிருந்து சட்டையை இறக்கிவிட்டு நாலு பக்கமும் பார்த்தாள். ஏன் தட்டுகிறார்கள் என்று அவளுக்கும் தெரியவில்லை போலிருந்தது.

"தோத்தவங்களுக்கு எதுக்குடா இவ்வளவு பேர் எழுந்திருக்கறாங்க?" என்று முரளியிடம் கேட்டேன்.

 திரும்பிப் பார்த்தேன். அவன் என் கையிலிருந்து மணிக்கட்டை எப்போது உருவிக்கொண்டான் என்று தெரியவில்லை. எழுந்து நின்று, அந்த ஊர்க்காரர்களைப் பார்த்துக் கைதட்டிக்கொண்டிருந்தான்.